அரை அங்குலச் சரிவு

2024 மார்ச் 2: சீமெந்துக் கல்லும் மணலும், 55 கிலோ
2024 ஏப்ரல் 19: செய்து முடித்த தாங்கி, முதிரைச் சட்டமும் பலகையும், 71 கிலோ
2024 ஏப்ரல் 20: கண்ணாடித் தொட்டி, 62 கிலோ
2024 மே 4: கடல் தண்ணீர், மேல்தொட்டிக்கு, 281 கிலோ
2024 மே 4: கீழ்த்தொட்டி, தண்ணீரோடு, 84 கிலோ
மொத்தம்: 553 கிலோ

ஐந்நூற்று ஐம்பத்து மூன்று கிலோ என்று சொன்னால் மேசன் கச்சிமுகம்மதுக்கு மனதில் ஒன்றும் தோன்றாது. பதினொரு மூட்டை சீமெந்து என்றால் உடனே தோளில் உணர்வார். அந்தப் பதினொரு மூட்டைப் பாரத்தை மரக்கால்களில் ஏற்றி, மகள் நடமாடுகிற வீட்டு முன் ஹோலில், வருடக்கணக்காக விழாமல் நிறுத்தி வைக்கவேண்டும். மருமகனின் மீன் தொட்டிக்கு அவர் செய்துகொடுக்க ஒத்துக்கொண்டது அப்படியொரு தாங்கி.

சாய்ந்தமருதில் பிறந்து, பதினாறு வயதில் சாந்து குழைக்கப் போய், அறுபத்திரண்டு வயதிலும் தூக்குக்குண்டைக் கீழே வைக்காத மனிதர் அவர். பாலமுனையிலிருந்து மருதமுனை வரை அவர் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகளுக்காகக் கட்டியவை. இந்தக் கரையில் மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவர் பிறந்து வளர்ந்த வீடு அவருடைய சகோதரிக்குப் போய்விடும். கச்சிமுகம்மதும் 2006ஆம் ஆண்டு தன் கையாலேயே கட்டிய வீட்டை ஒரே மகள் அப்னாவின் பேருக்கு எழுதிக் கொடுத்தார். 2023 பெப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை, நிக்காஹ் நடந்தது. அன்றைக்கே அவரும் மனைவி ஹவ்வா உம்மாவும் தங்கள் கட்டிலைக் குசினிக்குப் பக்கத்துப் பின்னறைக்கு நகர்த்திவிட்டார்கள்.

மருமகன் றஸ்மி மருதமுனைக்காரர், கைத்தறிக் குடும்பம். மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அரசாங்க வேலை. போக நாற்பது, வர நாற்பது கிலோமீற்றர் மோட்டார் சைக்கிளில். கல்யாணமான மூன்றாம் மாதம் அவர், மட்டக்களப்பிலேயே குடும்பத்தோடு குடியிருக்க, அரசாங்க விடுதிக்கு விண்ணப்பம் போட்டார். காத்திருப்போர் பட்டியலில் ஒன்பதாம் இடம் என்று முதற் கடிதம் வந்தது. அதைத் தபாற்காரரிடம் வாங்கி மேசையில் வைத்தவர் கச்சிமுகம்மதுதான். ஒன்பது என்பது எட்டாகி, ஏழாகி, ஒரு நாள் ஒன்றாகும். அன்றைக்கு மகள் சாமான்களைக் கட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்விடுவாள். நாற்பது கிலோமீற்றர்தானே என்று ஊரில் சொல்வார்கள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, மிஞ்சிய ஒன்றுக்காகவே வீடு கட்டியவருக்கு அது நாற்பது கிலோமீற்றர் கணக்கல்ல. ஆனாலும் வந்த மாப்பிள்ளையிடம் “போகாதீங்க” என்று சொல்ல எந்த மாமனாருக்கும் வாய் வராது. அவரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். மருமகனுக்கு முன்னால் மாமி நின்று கதைப்பதில்லை என்ற பழக்கத்தை ஹவ்வா உம்மா கொஞ்சமும் தளர்த்தவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுக் குசினித் திரைக்குப் பின்னால் போய்விடுவார். கறி போதுமா என்று கேட்கவேண்டுமென்றால் காலடியில் கிடக்கும் பூனையிடம் கேட்பார்.

“பூனே, இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமா எண்டு கேளு.”

“போதும் எண்டு சொல்லு பூனே” என்பார் றஸ்மி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மருதமுனை வீட்டில் றஸ்மி பல வருடமாக ஒரு கடல் தொட்டி வைத்திருந்தார். ஆழம் குறைந்த கடலில் முருகைக்கல், அதுதான் பவளப்பாறை, வளருமே, அதை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வளர்க்கிற வேலை. கடலிலிருந்து கல் உடைப்பது குற்றம் என்பதால், அனுமதி பெற்ற பண்ணையொன்றில் விரலளவு துண்டுகளாக வாங்கி வளர்த்திருந்தார். மேலே மீன் தொட்டி. கீழே தண்ணீரைச் சுத்தமாக்கும் இன்னொரு தொட்டி. மேலிருந்து வழிகிற தண்ணீர் கீழே இறங்கும், பம்பு அதை மறுபடி மேலே ஏற்றும். 2024 ஏப்ரல் கடைசியில் அவருடைய தங்கையின் கல்யாணம். வீடு தங்கைக்கு. தொட்டி வெளியேறவேண்டும். அதற்கு அடியில் இருந்த இரும்புத் தாங்கியையும் உப்புத் தின்றுவிட்டது.

செய்தியை அப்னா கொண்டுவந்தாள்.

“வாப்பா, அவங்கட தொட்டிய வைக்க இடமில்ல. கேக்க வெக்கப்படுறாங்க.”

“இதுல என்ன வெக்கம்? இஞ்ச கொண்டுவரச் சொல்லு.”

“கடல் தண்ணி, வாப்பா.”

கச்சிமுகம்மது திரையைப் பார்த்தார். உள்ளே வெங்காயம் அரிகிற சத்தம் நின்றிருந்தது.

2004 டிசம்பர் 26 காலையில் அவர் பாலமுனையில் ஒரு வீட்டுக்குப் பூச்சு வேலையில் இருந்தார். ஹவ்வா உம்மா கடற்கரைப் பக்கத்து வீட்டில், ஒரு கையில் ஆறு வயது அப்னாவையும் மறு கையில் நாலு வயது சப்ரியையும் பிடித்துக்கொண்டு ஓடினார். தண்ணீர் வடிந்தபோது ஒரு கையில் மட்டும் பிள்ளை இருந்தது. அதற்குப் பிறகு பிரதான வீதிக்குக் கிழக்கே, கடல் இருக்கும் பக்கம், அவர் கால் வைத்ததில்லை. சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்குக்கூட, மண்டபம் கிழக்குப் பக்கம் என்று போகவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “மருமகன்ட சாமான் மருமகன்ட ஊட்ட வராம வேற எங்க போகும்? கொண்டுவரட்டும்.”

அதற்குப் பிறகும் கனநேரம் வெங்காயம் அரிபடவில்லை. மகளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் ‘வேணாம்’ என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று மனைவி நினைக்கிறார் என்பது கச்சிமுகம்மதுக்கு விளங்கியது. தாங்கியைத் தன் கையால் செய்வதென்று அவர் தீர்மானித்தது அப்போதுதான். ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே வராமல் நின்றால் ஹவ்வா பழகிவிடுவாள்; தொட்டி இந்த வீட்டில் வேரூன்றினால் மருமகனும் ஊன்றுவார். அவருடைய திட்டம் அவ்வளவுதான்.

மேசனுக்கு வேறென்ன தோன்றும்? சீமெந்துக் கல்லால் கட்டிவிடலாம் என்றார். ஹோல் சுவரோடு சேர்த்து, நாலு அடி நீளத்துக்கு, மேலே கொங்கிறீற் தட்டு.

றஸ்மி தலையைச் சொறிந்தார். “மாமா, கட்டவேணாம். மரத்துல செய்வம். ஆணி அடிக்காம, போல்ட் போட்டு. தேவையெண்டாக் கழட்டலாம்.”

“கழட்டுறத்துக்கு என்ன தேவை வரப்போகுது மருமகன்?”

“சொல்ல ஏலாதே மாமா.”

கச்சிமுகம்மது மேற்கொண்டு கேட்கவில்லை. பட்டியலில் அப்போது ஐந்தாம் இடம்.

சொறிக்கல்முனைத் தச்சர் இராசதுரையை வரச்சொன்னார். முப்பது வருடமாக இவர் சுவர் கட்ட, அவர் கதவு மாட்டுகிற கூட்டு; இவரைக் ‘காக்கா’, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். இராசதுரை முதிரை மரச் சட்டங்களை வீட்டு வளவில் இறக்கியதும் கேலியை ஆரம்பித்துவிட்டார்.

“மேசன் மரத்தில கை வைக்கிற நாள் வந்திட்டுது. உலகம் அழியப்போகுது எண்டு சொல்லுங்க.”

“உன்ட கதவெல்லாம் என்ட சுவரப் புடிச்சிக்கிட்டுத்தான் நிக்கிது துரை. மறந்திராத.”

“சுவரா? காக்கா, என்ட நிலையை எடுத்தா உங்கட சுவர் படுத்திடும்.”

றஸ்மி ஒன்றைத்தான் வற்புறுத்தினார். பாரம் போல்ட்டில் தொங்கக்கூடாது, மரத்தின் மேல் மரம் உட்காரவேண்டும். இராசதுரை கால்களின் தலையில் படி வெட்டி, குறுக்குச் சட்டங்களை அந்தப் படியில் உட்காரவைத்தார். போல்ட்டுகள் விலகாமல் பிடிப்பதற்கு மட்டும். கச்சிமுகம்மது மட்டம் பார்த்தார், மூலைமட்டம் வைத்தார், மூன்று முறை வார்னிஷ் பூசினார். கடைசியில், யாரும் எதிர்பாராமல், பதினொரு மூட்டை சீமெந்தை வாங்கிவந்து தாங்கியின் மேல் அடுக்கி ஒரு நாள் முழுக்க விட்டார்.

“மீன் வைக்கப்போறீங்களா, மாடி வைக்கப்போறீங்களா?” என்று கேட்டார் இராசதுரை.

தாங்கி அசையவில்லை.

ஏப்ரல் 20, சனிக்கிழமை, ஆறு பேர் சேர்ந்து தாங்கியை ஹோலுக்குள் கொண்டுவந்து சுவரோரம் வைத்தார்கள். அதன் மேல் ஒரு மெல்லிய ஸ்பொஞ்ச் விரிப்பு, அதன் மேல் கண்ணாடித் தொட்டி. ஒழுக்குப் பார்ப்பதற்காகக் குழாய்த் தண்ணீரை நிரப்பினார்கள். தண்ணீர் அடங்கியதும் எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். தண்ணீரின் விளிம்பு ஒரு பக்கம் மேலே, மறு பக்கம் கீழே. நாலு அடிக்கு அரை அங்குலம்.

கச்சிமுகம்மது தண்ணீர் நிரப்பிய ரியூப் மட்டத்தை எடுத்துத் தாங்கியின் கால்களை அளந்தார். நாலும் மயிரளவும் பிசகாமல் ஒரே அளவு. பிறகு நிலத்தை அளந்தார். அளந்தவர் அப்படியே குந்தியிருந்துவிட்டார்.

நிலம்தான் சரிவு. அதைச் சரிவாகப் போட்டவரும் அவர்தான். 2006இல் வீட்டுக்கு நிலம் போடும்போது ஹவ்வா உம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “ஊட்டுக்குள்ள தண்ணி நிக்கக்கூடாது.” மற்ற வீடுகளில் கழுவித் தள்ள ஒரு நூலளவு சரிவு வைப்பவர், இந்த வீட்டில் வாசலிலிருந்து குசினிப் பின்கதவு வரை இருபத்தாறு அடிக்கு மூன்றேகால் அங்குலம் வைத்தார். பதினெட்டு வருடம் அதில் நடந்து நடந்து கால்கள் பழகிவிட்டன. தாங்கியை வளவில் வைத்து நேர் பார்த்தவருக்கு, அது நிற்கப்போகும் நிலத்தின் ஞாபகம் வரவில்லை.

“நான் சொன்னனே, மேசன்ட வேலையில நேர் எண்டு ஒண்டு இல்ல எண்டு” என்று வாயெடுத்த இராசதுரை, அவருடைய முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அதுக்கென்ன மாமா” என்றார் றஸ்மி. “பள்ளப் பக்கத்துக் காலுக்குக் கீழ ஆப்பு வைப்பம். பிளாஸ்ரிக் ஆப்பு என்னட்ட இரிக்கி.”

“வாசல் பக்கத்துக் கால அரை அங்குலம் வெட்டினா ஒழுங்கா உக்காரும்.”

“வெட்டினா வேற இடத்துல நேரா நிக்காதே மாமா.”

ஆப்பு வைத்தார்கள். தண்ணீர் நேராக நின்றது. மே 4ஆம் திகதி, கரையிலிருந்து லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் பிளாஸ்ரிக் கான் கானாகக் கடல் தண்ணீர் வந்தது. அதற்கு முன்பே கச்சிமுகம்மது வெள்ளைச் சீமெந்தையும் மணலையும் உப்பையும் குழைத்துக் கற்கள் செய்து, உப்புக் கரைந்து துளைகள் விழும் வரை தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருந்தார். அந்தக் கற்களை றஸ்மி ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு கிழமையில் முருகைத் துண்டுகள் கல்லில் ஒட்டிக்கொண்டன. செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட மீன், நீலம், மஞ்சள் என்று எல்லாமாக ஏழு மீன்கள். அப்னா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் அதற்கு முன்னால்தான் உட்காருவாள்.

ஹவ்வா உம்மா அன்றிலிருந்து ஹோலுக்குள் வரவில்லை. வாசலுக்குப் போகவேண்டுமென்றால் குசினிக் கதவால் இறங்கி, வீட்டைச் சுற்றி, வேலியோரமாகப் போவார். மழை பெய்தாலும் அந்த வழிதான். ஒவ்வொரு வெள்ளியும் வாசலிலிருந்து வாளியால் ஊற்றி நிலம் கழுவுகிறவர், அந்த வேலையை மகளிடம் விட்டார். யாரிடமும் ஒரு குறையும் சொல்லவில்லை. பூனையோடு கதைப்பதும் குறைந்துபோனது.

இதையெல்லாம் றஸ்மியும் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது ஜூலையில்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் வழியில், பள்ளிவாசல் மதிலோரம் நின்று சொன்னார்.

“மாமா, கடிதம் வந்திச்சு. ரெண்டாம் இடம்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் கச்சிமுகம்மது.

“மாமி சொல்லாட்டியும் எனக்கு வெளங்குது. அவவுக்குக் கஷ்டம். அவட ஊட்டுக்குள்ளயே அவ சுத்திப் போறா. விடுதி கிடைச்சா நாங்க தொட்டியோட போயிருறம். அப்னாவும் ஓம் எண்டா.”

தான் அந்த மனிதரை வேரூன்ற வைப்பதற்காகச் செய்த தாங்கியே அவரை அனுப்பிவைக்கப் போகிறது. கச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். “உங்கட வசதி போல செய்ங்க மருமகன்” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தாங்கியின் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கழற்றுவது சுலபம்தான். அவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தார்கள்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. கச்சிமுகம்மது அப்போது கல்முனையில் ஒரு கடைக்குப் பூச்சு வேலையில் இருந்தார். வழக்கமாக அரை மணியில் வந்துவிடும். அன்றைக்குப் பன்னிரண்டு மணியாகியும் வரவில்லை. மட்டக்களப்பிலிருந்து றஸ்மி அழைத்தார்.

“மாமா, இன்னும் கரண்ட் வரல்லயாமே. பம்பு நிண்டா மீனுக்குக் காத்தில்ல. பற்றரிப் பம்பும் போன கிழம பழுதாப் போச்சி. அப்னா பள்ளிக்கூடத்துல. மாமிய எப்பிடிக் கேக்கிற? நீங்க ஒருக்காப் போக ஏலுமா?”

கையில் சாந்தோடு சைக்கிளில் ஏறினார். வெயில் கொளுத்தியது. வீட்டுக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது நிலம். தாங்கியின் அடியிலிருந்து குசினிப் பக்கமாக ஒரு ஈரப்பாதை. கீழ்த்தொட்டி வழிந்திருந்தது. எது நடக்கக்கூடாது என்று பதினொரு மூட்டை சீமெந்து ஏற்றிப் பார்த்தாரோ, அது நடந்துவிட்டது. வீட்டுக்குள் கடல் தண்ணீர்.

அதற்குப் பிறகுதான் மனைவியைப் பார்த்தார்.

ஹவ்வா உம்மா ஒரு சிறிய முக்காலியில் ஏறி நின்றிருந்தார். சேலையின் அடி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பை. தொட்டித் தண்ணீரைக் கோலி, தலைக்கு மேலே தூக்கி, அதே தொட்டிக்குள் மெல்ல ஊற்றினார். கோலினார், தூக்கினார், ஊற்றினார். நுரை நுரையாகத் தண்ணீருக்குள் காற்று இறங்கியது. மீன்கள் அந்த நுரைக்கு அடியில் ஒதுங்கி நின்றன.

“மூச்செடுங்க வாப்பா, மூச்செடுங்க” என்று, பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற மாதிரி, அவர் மீன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கச்சிமுகம்மது கிட்டப் போனார். “எப்ப இருந்து நிக்கிறாய்?”

“கரண்ட் போன நேரம் இருந்து.” அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “தண்ணி ஊத்துண்ட சத்தம் கேட்டு ஓடிவந்தன். நீங்க வச்ச பள்ளத்தால அது ஓடிப் பெய்த்து, ஒரு இடத்துலயும் நிக்கல்ல. மிச்சத்தத் தும்புத்தடியால தள்ளிட்டன். மறுகா பாத்தா, இதுகள் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுகள். பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?”

“இப்பிடி ஊத்தவேணும் எண்டு யாரு சொன்ன?”

“மருமகன் அப்னாக்குச் சொல்லக்குள்ள திரைக்கு அங்கால நான் என்ன செவிடா?”

கச்சிமுகம்மது சாந்துக் கையைக் கழுவிவிட்டு இன்னொரு கோப்பையை எடுத்து வந்தார். இரண்டு தடவை ஊற்றியதும் அதட்டல் வந்தது. “உசத்தி ஊத்துங்க. சுவருக்குச் சாந்து அடிக்கிற மாதிரி அடிக்காதீங்க. பயந்திரும்.”

இரண்டரை மணிக்கு மின்சாரம் வந்தது. பம்பு இரைந்ததும் ஹவ்வா உம்மா முக்காலியிலேயே உட்கார்ந்தார். கையைத் தூக்க முடியவில்லை. கச்சிமுகம்மது பக்கத்தில் ஈர நிலத்தில் உட்கார்ந்து அந்தத் தோளைப் பிடித்துவிட்டார். கல்யாணமான காலத்திலிருந்து இப்படிப் பகல் வெளிச்சத்தில், ஹோலில் வைத்து அவர் செய்ததில்லை.

றஸ்மி அரை நாள் லீவு போட்டு ஓடிவந்திருந்தார். ஹெல்மெற்றைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தவர், ஹோலில் மாமியைக் கண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஹவ்வா உம்மா எழுந்து திரைக்குப் பின்னால் போகப் பார்த்தார்; கால் மரத்துப்போயிருந்தது. பூனையும் அந்த நேரம் வீட்டில் இல்லை.

“மனே” என்றார், மகனைக் கூப்பிடுவதுபோல, நேராக அவரைப் பார்த்து. “கரண்ட் போனா இந்தக் கீழ்ப்பெட்டித் தண்ணி ஏன் வெளிய வருது? இதுக்கு ஒரு வழி பாக்கவேணும்.”

“ஓம் மாமி” என்றார் றஸ்மி. அதற்குப் பிறகுதான் ஹெல்மெற்றைக் கழற்றினார்.

பம்பு நின்றால் மேல்தொட்டித் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வடியாமல் இருக்க, குழாயில் ஒரு சிறிய துளை உண்டு. காற்றுப் புகுந்து வடிவதை நிறுத்தும். அந்தத் துளையைப் பாசி அடைத்திருந்தது. றஸ்மி அதைக் கிளறிக் காட்டினார். மாமி குனிந்து பார்த்தார். “கிழமைக்கொருக்கா ஊசியால குத்தி விட்டாச் சரிதானே? அத நான் பாக்கிறன்” என்றார்.

பிறகு மீன்களை எண்ணினார்கள். ஆறு இருந்தன. ஏழாவது, சின்ன நீல மீன், பின்பக்கக் கல்லின் துளைக்குள் செத்துக் கிடந்தது. றஸ்மி அதை வலையால் எடுத்து உள்ளங்கையில் மறைக்கப் பார்த்தார். ஹவ்வா உம்மா கண்டுவிட்டார்.

“அத நான் காணல்ல” என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. “மத்ததெல்லாம் கண்ணுக்கு முன்னால நிண்டிச்சு. இத நான் பாக்கவே இல்ல மனே.”

“கண்டிருக்க ஏலாது மாமி. இது கல்லுக்குள்ள இருந்த. யாரு நிண்டிருந்தாலும் கண்டிருக்கேலா. உங்களால ஏலுமானத்த நீங்க செஞ்சிட்டீங்க.”

ஹவ்வா உம்மா அந்தச் சொல்லைக் கேட்டபடி நின்றார். கச்சிமுகம்மது நிலம் துடைத்த துணியை எடுத்துக்கொண்டு பின்கதவால் இறங்கினார். அதில் பிழிய ஒன்றும் இருக்கவில்லை. இருந்தும் கிணற்றடியில் நின்று வெகுநேரம் பிழிந்தார். இருபது வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். யாரும் இப்படி ஒரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னதில்லை.

வழிந்த தண்ணீரில் ஆப்பு ஒன்று நழுவியிருந்தது. தொட்டியின் விளிம்பு மறுபடி சரியத் தொடங்கியது. சனிக்கிழமை காலையில் மீன்களையும் முருகைகளையும் பெரிய வாளிகளுக்கு மாற்றி, தண்ணீரை இறக்கி, தொட்டியைத் தூக்கிக் கட்டிலில் வைத்தார்கள். இராசதுரை வந்திருந்தார். கச்சிமுகம்மது புதிய ஆப்புகளை வேம்பில் செதுக்கி வைத்திருந்தார்.

றஸ்மி அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “மாமா, அண்டைக்கு நீங்க சொன்ன மாதிரி வாசல் பக்கத்துக் கால வெட்டுவம்.”

“தம்பி, யோசிச்சுச் சொல்லுங்க” என்றார் இராசதுரை. “வெட்டினா இது இந்த வீட்டு நிலத்துக்கு மட்டும்தான். வேறெங்கயும் கொண்டுபோய் வச்சா நொண்டும்.”

“தெரியும் அண்ணன்.”

“பிறகு என்னட்ட வந்து ஒட்டித்தா எண்டு கேக்கக்கூடாது.”

“கேக்கமாட்டன். வாள எடுங்க.”

கச்சிமுகம்மது ரியூப் மட்டத்தைப் பிடித்தார். “குடுங்க காக்கா, நான் பிடிக்கிறன்” என்று இராசதுரை கேலியில்லாமல் சொன்னார். அவர் கொடுக்கவில்லை. பென்சிலால் வாசல் பக்கத்து இரண்டு கால்களிலும் கோடு போட்டார். வாளைப் பிடித்தவர் றஸ்மி. முதிரை லேசில் அறுபடாது. பாதியில் வியர்த்து விறுவிறுத்துப்போய் நிமிர்ந்தபோது, திரை விலகி, ஹவ்வா உம்மா தேசிக்காய்த் தண்ணீரோடு ஹோலுக்குள் நடந்து வந்தார்.

“ஆய்வுகூடத்துல வாள் புடிக்கப் படிப்பிக்கல்ல போல” என்றார். “குடிச்சிட்டு அறுங்க மனே. ஊடு எங்கயும் ஓடாது.”

அஸர்த் தொழுகைக்கு முன் தாங்கி சுவரோரம் நின்றது. தண்ணீர் நிரம்பி அடங்கியபோது விளிம்பு ஒரு நூலும் பிசகாமல் நேராக இருந்தது. அப்னா ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு விரலால் தடவிப் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே ஹவ்வா உம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார், ஹோலுக்கு நடுவாலேயே.

விடுதியைப் பற்றி மருமகன் பேசவில்லை; கச்சிமுகம்மதும் கேட்கவில்லை. கால் வெட்டியதில் எல்லாம் முடிந்தது என்று ஒரு மனம் சொன்னது. அரசாங்கம் இடம் கொடுத்தால் யார்தான் விடுவார் என்று மறு மனம் சொன்னது. ஒக்டோபர் 8ஆம் திகதி தபாற்காரர் விடுதி அலுவலகத்து முத்திரை குத்திய நீண்ட உறையைக் கொடுத்தார். அதை மேசையில் வைத்துவிட்டு அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. மாலையில் றஸ்மி வந்து பிரித்தார்.

“விடுதி தந்திருக்காங்க” என்றார். “பதினாலு நாளைக்குள்ள பொறுப்பெடுக்கட்டாம்.”

றஸ்மி மாமனாரின் முகத்தை அப்போதுதான் கவனித்தார்.

“மாமா, என்ன இது? நான் வேணாம் எண்டு செப்டெம்பர் ரெண்டாந் திகதியே எழுதிட்டன். அது அங்க எந்த மேசையில கிடக்கோ. நாளைக்கு மறுகா ஒண்டு எழுதுறன்.”

“செப்டெம்பர்லயா?” என்றார் கச்சிமுகம்மது. “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேக்கவே இல்லயே மாமா.”

“இந்த ஊட்டு ஆம்புளைகளுக்கு வாய் எதுக்கு வச்சிரிக்கான் அல்லாஹ் எண்டு எனக்கு வெளங்கல்ல” என்று சொல்லிக்கொண்டே ஹவ்வா உம்மா இருவருக்கும் சோறு போட்டார். கச்சிமுகம்மது அன்று இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

றஸ்மி எழுதினார். ஒரு மாதம் பதில் இல்லை. விண்ணப்பதாரரின் வேண்டுகோளின்படி அவருடைய பெயர் விடுதிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்று அறிவித்த கடைசிக் கடிதம் 2024 நவம்பர் 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, வந்து சேர்ந்தது.